கேள்வி பதில்: கடல்நீர்த் தொட்டியில் இறங்காத நைட்ரேட்

கேள்வி: என்னுடையது 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி. மீன்களோடு சில பவளங்களும் உண்டு. வாரம் தவறாமல் 40 லிட்டர் நீர் மாற்றியும் மீன் கழிவிலிருந்தும் தீனியிலிருந்தும் சேரும் நைட்ரேட் 80 பிபிஎம்மை (லிட்டருக்கு 80 மி.கி.) விட்டு அசையவில்லை. வினிகர் ஊற்றலாம் என்கிறார்களே, எவ்வளவு ஊற்ற வேண்டும்? – வாசகர், சென்னை

பதில்: 80 உள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் 64 ஆகும். அந்த வாரத் தீனியிலிருந்து 16 சேர்ந்தால் மறுபடி 80. புது வரவைத்தான் கழிக்கிறீர்கள், பழைய பாக்கி அப்படியே நிற்கிறது. உப்பு கலக்கும் நீரையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். இந்தியத் தரநிலை குடிநீரிலேயே லிட்டருக்கு 45 மி.கி. நைட்ரேட் வரை அனுமதிக்கிறது. போர் தண்ணீரில் அதற்கு மேலும் இருக்கலாம். மெம்பிரேன் தேய்ந்த ஆர்.ஓ. கருவியிலும் நைட்ரேட் கசியும்.

வினிகர் பாக்டீரியாவுக்குத் தீனி, அவ்வளவுதான். தொட்டியில் நைட்ரஜன் ஏராளம், கரிமம்தான் பற்றாக்குறை. வினிகரிலிருந்து அது கிடைத்ததும் பாக்டீரியா பெருகி நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உடம்பில் ஏற்றிக்கொள்ளும். அந்தப் பாக்டீரியாவை நுரையோடு வெளியே தள்ளுவது ஸ்கிம்மர். ஸ்கிம்மர் இல்லாதவர்கள் இதில் இறங்கவே வேண்டாம்.

நிறமோ மணமோ சேர்க்காத, 5 சதவீத அசிட்டிக் அமிலம் உள்ள வெள்ளை வினிகர் வாங்குங்கள். முதல் மூன்று நாள் தினம் 1.5 மி.லி., அடுத்த நான்கு நாள் தினம் 3 மி.லி. அதன்பின் வாரத்துக்கு ஒருமுறை தினசரி அளவில் 3 மி.லி. கூட்டுங்கள். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, காலையில் விளக்கு எரிந்தபின், நீரோட்டம் வேகமாக உள்ள இடத்தில் விடுங்கள். இரவில் விட்டால், ஏற்கெனவே இறங்கியிருக்கும் பிஎச் மேலும் இறங்கும். வோட்காதான் கையில் இருக்கிறது என்றால் எட்டில் ஒரு பங்கு போதும்.

பல வாரங்களுக்கு ஒன்றுமே நடக்காதது போலிருக்கும். இந்தக் கட்டத்தில் பொறுமையிழந்து அளவை இரட்டிப்பாக்கித்தான் பலர் மீன்களை இழக்கிறார்கள். பெருகும் பாக்டீரியா ஆக்சிஜனைத் தின்றுவிடும். நீர் பால்போல் கலங்கினாலோ, மீன்கள் மேலே வந்து வாய் பிளந்தாலோ வினிகரை உடனே நிறுத்தி ஏர் பம்ப் போடுங்கள். தெளிந்தபின் பாதி அளவில் தொடங்கலாம். கண்ணாடியில் வெள்ளைக் கோழை படர்ந்தால் கூட்டுவதை நிறுத்தினால் போதும்.

நைட்ரேட் இறங்கத் தொடங்கியதும் அளவைக் கூட்டாதீர்கள். 10-க்கு வந்ததும் பாதியாக்குங்கள். பூஜ்யம் வேண்டாம், பவளம் வெளிறிவிடும். காரத்தன்மையை 7 முதல் 8.5 டிகேஎச்சுக்குள் (காரத்தன்மையை அளக்கும் அலகு) வையுங்கள். பாதி வழியில் நைட்ரேட் நின்றுபோனால் பாஸ்பேட்டைப் பாருங்கள். அது தீர்ந்திருந்தால் பாக்டீரியா வளராது. பாஸ்பேட் உறிஞ்சும் மீடியா வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: நைட்ரேட்டைக் குறைக்க வைத்திருக்கும் கந்தக ரியாக்டரிலிருந்து (கந்தக மணிகளில் பாக்டீரியா வளரும் குழாய்) வரும் நீரில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. – வாசகர், கோயம்புத்தூர்

பதில்: நீர் மிக மெதுவாக ஓடுகிறது. உள்ளே நைட்ரேட் முழுக்கத் தீர்ந்ததும் வேறு பாக்டீரியா கடல்நீரிலுள்ள சல்பேட்டைப் பிடித்துக்கொள்ளும். அதில் பிறக்கும் ஹைட்ரஜன் சல்பைடு மீனுக்கு நஞ்சு. வெளிவரும் நீரைத் தொட்டியில் விடாமல் வாளியில் பிடித்துக்கொண்டு, நாற்றம் போகும்வரை சொட்டு வேகத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். மிகையாகக் கூட்டினால் நைட்ரேட் அரைகுறையாகச் சிதைந்து நைட்ரைட் தலைகாட்டும், அப்போது சற்றுக் குறையுங்கள். வெளிவரும் நீரில் நைட்ரைட் இல்லாமல் நைட்ரேட் மட்டும் லேசாகத் தெரிவதே சரியான வேகம். இந்த முறை அமிலத்தை உண்டாக்கும். எனவே நீர் இரண்டாவது குழாயில் பவளச் சல்லி வழியாகப் போய், ஸ்கிம்மர் பக்கத்தில் விழட்டும்.

கேள்வி: பாட்டில் பாக்டீரியா வாங்கி ஊற்றினால் நைட்ரேட் குறையுமா? – வாசகர், தூத்துக்குடி

பதில்: புதுத் தொட்டிக்கென்று விற்பவை பெரும்பாலும் அம்மோனியாவை நைட்ரேட் ஆக்குபவை. உங்களுக்கு வேண்டியது நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கும் வேலை. அதைச் செய்யும் பாக்டீரியா உங்கள் லைவ் ராக்கின் (உயிரிகள் குடியிருக்கும் நுண்துளைப் பாறை) உட்புறத்திலேயே இருக்கும்.

கேள்வி: ஒரே நீருக்கு ஒரு கிட் 10 காட்டுகிறது, இன்னொன்று 44. எதை நம்புவது? – வாசகர், மதுரை

பதில்: இரண்டும் சரியாகவே இருக்கலாம். முதலாவது நைட்ரேட்டிலுள்ள நைட்ரஜனை மட்டும் சொல்லும் கிட்டாக இருக்கும், கையேட்டைப் பாருங்கள். அப்படியானால் அதை 4.4 ஆல் பெருக்குங்கள். தொட்டியில் நைட்ரைட் இருந்தால் பெரும்பாலான நைட்ரேட் கிட்கள் கூடுதலாகக் காட்டும். அதனால் நைட்ரைட்டை முதலில் சோதியுங்கள்.