ஆர்கெஸ்ட்ரா சாம்பிள் லைப்ரரி என்றால் என்ன? எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

கலைஞர்கள் வாசித்த சுரங்களைத் தனித்தனியாக ஒலிப்பதிவு செய்து, கீபோர்டில் விரல் வைத்ததும் ஒலிக்கும்படி அடுக்கிய தொகுப்புதான் சாம்பிள் லைப்ரரி.

ஒரே சுரத்தை ஏன் பலமுறை பதிவு செய்கிறார்கள்? வயலினை மென்மையாக வாசித்தால் சத்தம் மட்டும் குறைவதில்லை, ஒலியின் தன்மையே மாறிவிடுகிறது. அதனால் மென்மைக்கும் வலிமைக்கும் தனித்தனிப் பதிவுகள் வேண்டும். ஒரே அழுத்தத்தில் அடுத்தடுத்து வாசித்தாலும் வில்லின் இரண்டு வீச்சுகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. ரப்பர் முத்திரைக்கும் கையெழுத்துக்கும் உள்ள வேறுபாடு அது. மாற்றுப் பதிவுகளைச் சுழற்சியாக ஒலிக்கவிடும் இந்த ஏற்பாட்டுக்கு 'ரவுண்ட் ராபின்' என்று பெயர்.

தேர்வு செய்யும்போது நான் முதலில் கவனிப்பது பதிவு நடந்த கூடத்தை. லண்டன் ஏர் ஸ்டுடியோவின் லிண்ட்ஹர்ஸ்ட் கூடம் முன்பு தேவாலயமாக இருந்தது. அங்கே பதிவான ஸ்பிட்ஃபயர் நிறுவனத்தின் தொகுப்புகளில் கூடத்தின் முழக்கம் (சுவர்களில் பட்டுத் திரும்பும் ஒலி) வாசிப்போடு கலந்தே வரும். அதைப் பிரித்தெடுப்பது கடினம். வியன்னா சிம்ஃபோனிக் லைப்ரரி நிறுவனம் 'சைலன்ட் ஸ்டேஜ்' என்ற தன் ஒலிப்பதிவு அரங்கில் செய்த பதிவுகளிலோ முழக்கம் மிகக் குறைவு. வேண்டியதை நாமே சேர்க்கலாம். மெல்லிசை அமைப்பவருக்கு முதலாவது உடனே இனிக்கும். பல தொகுப்புகளைக் கலப்பவருக்கு இரண்டாவதே வசதி.

பயன்படுத்தும்போது நீண்ட சுரத்தை அப்படியே நிறுத்திவைக்காதீர்கள். பெரும்பாலான தொகுப்புகளில் மாட்யுலேஷன் வீலை (கீபோர்டின் ஓரத்தில் உள்ள சிறு சக்கரம்) மெல்ல ஏற்றி இறக்கினால் மென்பதிவிலிருந்து வன்பதிவுக்கு ஒலி நகரும். வில்லின் ஓட்டம் அப்போதுதான் காதில் விழும்.

அதிக ஜிபி உள்ள தொகுப்பே சிறந்தது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் ஒரே வாசிப்பைப் பல மைக்குகளில் பதிந்து வைத்திருப்பதாலும் அந்த அளவு பெருகும்.