பட்டறை பதில்கள்: சீட்டுக்கு அடியில் துரு

கேள்வி: அண்ணே, அப்பா தோட்டத்து ஏலத்தில் எடுத்த லேண்ட் ரோவர் சீரிஸ் 3 வீட்டில் நிற்கிறது. 88 அங்குலக் குட்டை வண்டி, பெட்ரோல் என்ஜின். கொஞ்ச தூரம் ஓடினாலே இருமுகிறது. ஃபில்டரைக் கழற்றினால் செங்கல் தூள் மாதிரி கொட்டுகிறது. டேங்கின் அடியில் ஓரிடத்தில் ஈரமும் கசிகிறது. அங்கே ஒரு வெல்டிங் வைத்து, உள்ளே கோட்டிங் ஊற்றிவிடலாம் என்கிறார் நண்பர். எந்தக் கோட்டிங் நல்லது?
— வாசகர், சுங்கை சிப்புட், மலேசியா

பதில்: தம்பி, கோட்டிங் பேச்சைக் கடைசிக்கு வைத்துக்கொள்வோம். முதலில் டேங்க் இறங்கட்டும்.

பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு, வண்டியை வெட்டவெளியில் நிறுத்துங்கள். பட்டறைப் பள்ளத்தின் மேல் வேண்டாம். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், பள்ளத்தில் இறங்கித் தேங்கிக்கொள்ளும். அடியில் உள்ள பிளக்கைத் திறந்து, மிச்சப் பெட்ரோலைத் தகர டின்னில் பிடியுங்கள். உங்கள் வண்டியில் டிரைவர் சீட்டுக்கு நேர் கீழேதான் டேங்க். மெத்தையைத் தூக்கி, அடித்தகட்டைக் கழற்றினால் மீட்டர் வயரும் குழாயும் கைக்கு எட்டும். பெட்ரோல் ஊற்றும் ரப்பர் ஓஸ் இறுகிப் போயிருந்தால் மல்லுக்கட்டாமல் வெட்டிவிடுங்கள். புதிதாகப் போடுவது பெட்ரோலுக்கென்றே செய்த ஓஸாக இருக்க வேண்டும். தண்ணீர் ஓஸ் ஊறிக் கெட்டுவிடும். போல்டுகளுக்கு முதல் நாளே துருவை இளக்கும் எண்ணெய் அடித்து வையுங்கள். கடைசி போல்டைக் கழற்றும்போது டேங்குக்கு அடியில் பலகை வைத்த ஜாக் இருக்கட்டும்.

இறக்கியதும் எல்லாரும் டார்ச் அடித்து உள்ளே எட்டிப் பார்ப்பார்கள். நீங்கள் மேல்தகட்டைப் பாருங்கள். நானும் தோட்டத்துப் பட்டறையில் கைக்கரி பூசியவன்தான். ஏலத்தில் வந்த வண்டி என்றால் செம்பனைக்கு உரமூட்டை சுமந்த வண்டியாகத்தான் பெரும்பாலும் இருக்கும். மூட்டையில் எம்.ஓ.பி. என்று போட்டிருக்கும் சிவப்பு உரம் வேறொன்றுமில்லை, பொட்டாசியம் குளோரைடு. உப்பு. அந்தத் தூள் சீட்டுப் பெட்டியின் இடுக்கு வழியாக இறங்கி டேங்கின் தலையில் உட்காரும். நம் ஊர் இரவுக் காற்றின் ஈரத்தை இழுத்துக் கசிந்து, விடிய விடிய இரும்பைத் தின்னும். அடியிலோ, டேங்கும் அதைத் தாங்கும் சேசிஸ் சட்டத்தின் கையும் ஒட்டும் இடத்தில் செம்மண் சேறு அப்பிக்கொண்டு காயவே காயாது. உங்கள் கசிவு அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அப்படியானால் உள்ளே எந்த மருந்தை ஊற்றினாலும் வெளியிலிருந்து அரிப்பது நிற்காது.

இரண்டு இடத்தையும் சுரண்டி, கூர் ஊசியால் அழுத்திப் பாருங்கள். ஊசி இறங்கினால் அந்த டேங்கை விட்டுவிடுங்கள். சீரிஸ் வண்டிக்குப் புது டேங்க் இன்றும் செய்து விற்கிறார்கள்.

வெல்டிங்? கூடவே கூடாது. நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க்தான் ஆபத்து. காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு பெட்ரோல் ஆவி இருந்தாலே தீப்பொறிக்குப் போதும். கழுவிய டேங்கிலும் துருப்பொருக்குக்கு அடியில் பெட்ரோல் ஒளிந்திருக்கும், சூடு பட்டதும் வெளியே வரும். டேங்கைக் கொதிக்க வைத்துச் சுத்தம் செய்து ஒட்டத் தெரிந்த ரேடியேட்டர் கடைக்காரரிடம் கொடுங்கள். நண்பருக்கும் சொல்லிவிடுங்கள்.

தகடு கெட்டி என்றால், சோப்புத் தண்ணீரில் நன்றாக அலசிவிட்டு, ஒரு முழச் சங்கிலியை உள்ளே விட்டுக் குலுக்குங்கள். நட்டும் கூழாங்கல்லும் போடாதீர்கள், உள்தடுப்புக்குப் பின்னால் சிக்கிக்கொள்ளும். சங்கிலியின் ஒரு முனையில் கம்பி கட்டியிருந்தால் இழுத்துவிடலாம். அப்புறம் கேக் சாமான் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம், பத்து லிட்டர் வெந்நீருக்கு அரைக்கிலோ. விளிம்புவரை நிரப்புங்கள், இல்லாவிட்டால் மேல்பாதித் துரு அப்படியே நிற்கும். இரவு ஊறட்டும். காலையில் கொட்டிவிட்டு, சோடா மாவு கரைத்த தண்ணீரில் அலசி, கம்ப்ரசர் காற்றடித்து உடனே காய வையுங்கள். தாமதித்தால் கண்ணெதிரே மஞ்சள் படரும். காய்ந்த கையோடு கொஞ்சம் என்ஜின் எண்ணெய் கலந்த பெட்ரோலை ஊற்றிச் சுழற்றுங்கள்.

இப்போது கோட்டிங்குக்கு வருவோம். ஓடுகிற வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் கட்சி. துளி ஈரமோ எண்ணெய்ப் பசையோ இருந்தால் தோல் தோலாக உரிந்து உறிஞ்சு குழாயை அடைக்கும், சுரண்டி எடுக்கவும் வழியில்லை. டேங்கைப் பாதிக்குக் கீழே விடாமல் ஓட்டினால் போதும். மிஞ்சும் வெள்ளியை வெளிப்பக்கம் செலவழியுங்கள்: துரு மாற்றி (ரஸ்ட் கன்வர்ட்டர்), எப்பாக்சி பிரைமர், மேலே இரண்டு கை பெயின்ட். தார் மட்டும் அப்பாதீர்கள், வெடித்தால் அதற்குள் தண்ணீர் நிற்கும்.

கேள்வி: என்னுடையது டீசல். இதே முறைதானா?
— இன்னொரு வாசகர், அதே ஊர்

பதில்: சுத்தம் செய்வது அதே முறைதான். கடைசிச் சுழற்றலுக்கு மட்டும் டீசல் போதும். 2019 முதல் நம் பம்ப் டீசலில் நூற்றுக்குப் பத்துப் பங்கு பாமாயிலிலிருந்து செய்த பயோடீசல் கலப்பு. அது பழைய கசடை இளக்கிவிடும், வண்டியில் ஒரு ஃபில்டர் கூடுதலாக வைத்திருங்கள். உள்ளே துத்தநாகப் பூச்சு எதுவும் வேண்டாம், அந்தக் கலப்பு டீசல் கெட்டுப்போகும். ராத்திரி நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்யுமுன் டேங்கின் அடிப் பிளக்கைக் கொஞ்சம் தளர்த்திவிட்டால் அடியில் தேங்கிய தண்ணீர் இறங்கிவிடும்.