நிழல் விழும் மாடிக்கு எந்த இன்வெர்ட்டர்?

கேள்வி: சோலார் பேனல் பொருத்தும் வேலை செய்கிறேன். ஒரு வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியத்துக்கு மேல் இரண்டு பேனல்கள் மீது விழுகிறது. மைக்ரோ இன்வெர்ட்டர் போடலாமா?

பதில்: தாராளமாகப் போடுங்கள். ஒவ்வொரு பேனலுக்கு அடியிலும், அதன் டிசி மின்சாரத்தை (நேர்மின்சாரம்) வீட்டுக்கு வேண்டிய ஏசியாக (மாறுமின்சாரம்) மாற்றும் சிறிய இன்வெர்ட்டர் தனியாக இருப்பதால், நிழல் பட்ட இரண்டில் மட்டும்தான் உற்பத்தி குறையும். மற்றவை அதுபாட்டுக்கு வேலை செய்யும். மாடியில் பல நூறு வோல்ட் டிசி ஓடாது என்பது எனக்கு அதைவிடப் பெரிய நிம்மதி.

ஒன்றை மறக்காதீர்கள். பேனலை மேலே வைத்து மூடும் முன், இன்வெர்ட்டரின் சீரியல் எண் ஸ்டிக்கரை உரித்து, எந்தப் பேனல் எங்கே என்று காட்டும் வரைபடத்தில் அதற்குரிய கட்டத்தில் ஒட்டிவிடுங்கள். ஒருமுறை அதைச் செய்யாமல் விட்டு, பழுதான ஒன்றைத் தேடி ஆறு பேனல்களைக் கழற்றினேன். அப்புறம், மின்சாரம் கொடுக்கும் முன், இன்வெர்ட்டர்களை இணைக்கும் கேபிளின் கடைசி முனையில் மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். மழைநீர் அங்கேதான் நுழையும்.