ஒலிப்பதிவு முடியும்வரை உட்கார்ந்தே ஆக வேண்டுமா?

ஒரு குரல் வழிநடத்திக்கொண்டே போகும் 30 நிமிட ஒலிப்பதிவைத் தினமும் போட்டுத் தியானம் செய்கிறாராம் ஒரு வாசகர். 12 நிமிடம் தாண்டினால் மனம் எங்கோ போய்விடுகிறது, சில நாள் தூக்கமே வந்துவிடுகிறது, முழுசாகக் கேட்டால்தான் பலனா என்று கேட்கிறார்.

இல்லை. அந்த 30 நிமிடம் பதிவு செய்தவர் போட்ட கணக்கு, உங்களுடையது அல்ல. உங்களுக்கு 12 வரை ஓடுகிறதென்றால் 10 நிமிடப் பதிவு ஒன்றை எடுத்துக்கொண்டு இரண்டு மூன்று வாரம் அதையே கேளுங்கள். தினம் ஒரு புதுக் குரலைத் தேடினால் கவனமெல்லாம் குரல் மேல்தான் போகும், மூச்சு மேல் நிற்காது.

45 நிமிடம் உட்கார வேண்டும் என்று சிலர் சொல்வது சும்மா வந்த பேச்சு இல்லை. அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் என்பவர் 1979-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஆரம்பித்த தியானப் பயிற்சியில் வீட்டில் கேசட் போட்டுக்கொண்டு தினமும் 45 நிமிடம், வாரத்தில் 6 நாள் செய்யச் சொன்னார்கள். ஆனால் அவர்களுக்கு வாராவாரம் வகுப்பு இருந்தது, சந்தேகம் கேட்க எதிரே ஆள் இருந்தார். தனியாகச் செய்பவர் ஒரு நாள் 45 நிமிடம் உட்கார்ந்துவிட்டு நாலு நாள் விட்டுவிடுவதற்கு, தினமும் 10 நிமிடம் எவ்வளவோ மேல்.

மனம் ஓடுவதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளாதீர்கள், ஓடியது தெரிந்து திரும்பக் கூட்டி வருகிறீர்களே, பயிற்சியே அதுதான். தூக்கம் வேறு விஷயம். படுத்துக்கொண்டு கேட்கிறீர்களா? எழுந்து உட்காருங்கள். சாப்பிட்ட கையோடு வேண்டாம்.

இன்னொன்றை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. குரல் நின்றதும் கை தானாகப் போனுக்குப் போகும், கவனித்திருப்பீர்கள். அங்கே எழுந்துவிடாமல் இரண்டு நிமிடம் சும்மா இருங்கள், வழிநடத்த ஆளில்லாமல் நீங்களே உட்காருவது அப்போதுதான். அந்த இரண்டு நிமிடம் கை பரபரக்காமல் போகிற நாளில் ஐந்தாக்கலாம், அப்புறம் பதிவையும் 15, 20 என்று நீட்டலாம். பதிவை முன்பே இறக்கி வைத்துக்கொண்டு போனை ஃபிளைட் மோடில் போட்டுக் கவிழ்த்து வையுங்கள். இல்லாவிட்டால் அமைதியின் நடுவே விளம்பரம் கத்தும், இன்னும் எத்தனை நிமிடம் என்று ஒற்றைக் கண்ணைத் திறந்தும் பார்ப்பீர்கள்.

கண்ணை மூடியதும் படபடப்போ பழைய பயமோ கிளம்பினால் அன்றைக்கு அத்தோடு நிறுத்திவிடுங்கள். அது தொடர்ந்தால் நேரத்தைக் கூட்டிப் பார்க்க வேண்டாம், மனநல மருத்துவரிடம் பேசுங்கள்.