ஐஸ் ஹவுஸ் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற மாதம் சென்னை வந்தபோது கடற்கரைச் சாலையில் உள்ள விவேகானந்தர் இல்லத்துக்குப் போனேன். ஆட்டோக்காரரிடம் அந்தப் பெயரைச் சொன்னதும் விழித்தார். அப்புறம் அவரே, “ஐஸ் ஹவுஸா சார்? அப்படிச் சொல்லுங்க” என்றார். சுவாமிஜி பல ஆண்டுகள் வாழ்ந்த வீட்டை, வெள்ளைக்காரன் ஐஸ் விற்ற கடையின் பெயரால் இன்னும் அழைப்பது வருத்தமாக இருக்கிறது. இந்தப் பெயரை நாம் ஏன் விடாமல் சுமக்கிறோம்?

எஸ்., திருச்சி

அன்புள்ள எஸ்.,

முதலில் ஒரு திருத்தம். விவேகானந்தர் அங்கே பல ஆண்டுகள் வாழவில்லை. 1897 பிப்ரவரியில், அமெரிக்காவும் இங்கிலாந்தும் சென்று திரும்பிய கையோடு, ஏறத்தாழ ஒன்பது நாள் தங்கினார். அவ்வளவுதான். அந்த ஒன்பது நாளில் சென்னை அவரைக் கொண்டாடியதும் அவர் ஆற்றிய உரைகளும் பெரிய விஷயம், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் வீட்டுக்கு அவர் பெயர் வந்தது 66 ஆண்டுகள் கழித்து, 1963இல், அவருடைய நூற்றாண்டை ஒட்டி. ஆட்டோக்காரர் விழித்ததில் தப்பே இல்லை.

ஐஸ் விற்றவரும் நீங்கள் நினைக்கிற வெள்ளைக்காரர் அல்ல. பாஸ்டனைச் சேர்ந்த ஃப்ரெடரிக் டியூடர் என்ற அமெரிக்க வியாபாரி. குளிர்காலத்தில் அங்கே ஏரிகள் உறைந்ததும் பனியைப் பாளம் பாளமாக அறுத்து, மரத்தூளில் பொதிந்து கப்பலேற்றினார். 1833இல் கல்கத்தாவுக்குப் போன முதல் சரக்கு வழியில் நான்கு மாதம் கடலில் கிடந்தது. கிட்டத்தட்ட 180 டன் ஏற்றி, 100 டன் போல மிஞ்சியது. பாதிக்கு மேல் பிழைத்ததே ஆச்சரியம். சென்னையில் அப்போது துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்திலேயே நின்றுவிடும், மசூலாப் படகுதான் அலையைத் தாண்டிச் சரக்கைக் கரை சேர்க்கும். அந்த ஐஸை வைக்க 1842இல் கடலோரத்தில் எழுந்த கிடங்குதான் நீங்கள் பார்த்த கட்டடம். சித்திரை வெயிலில் மசூலாக்காரர் கையில் அமெரிக்க ஏரியின் ஒரு துண்டு. அவர் அதை நாக்கில் வைத்துப் பார்த்திருப்பாரா என்று நான் அடிக்கடி யோசிப்பதுண்டு. குடித்தவர்கள் துரைமார்கள்தான்.

நீராவி இயந்திரத்தால் உள்ளூரிலேயே ஐஸ் செய்யத் தொடங்கியதும் கப்பல் ஐஸ் வியாபாரம் படுத்துவிட்டது. கல்கத்தாவிலும் பம்பாயிலும் இருந்த டியூடரின் ஐஸ் கிடங்குகள் இன்று இல்லை. சென்னையில் மட்டும் தப்பியதற்குக் காரணம், பிலிகிரி ஐயங்கார் என்ற வக்கீல் அதை வாங்கிக் குடிபுகுந்ததுதான். குளிர் வெளியே போகாமல் கட்டிய கட்டடம், மனிதருக்கு எப்படி ஒத்துவரும்? ஜன்னல்களும் வராந்தாக்களும் வைத்தார். நண்பரான நீதிபதி கெர்னன் நினைவாக ‘காஸில் கெர்னன்’ என்று பெயரும் சூட்டினார். அந்தப் பெயரை இன்று நீங்கள் ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள்!

விவேகானந்தரை அழைத்து வந்து தங்கவைத்தவர் இந்த ஐயங்கார்தான். அதே ஆண்டு, விவேகானந்தரைப் போலவே ராமகிருஷ்ணரின் சீடரான சுவாமி ராமகிருஷ்ணானந்தர் வந்து அங்கே ராமகிருஷ்ண மடத்தைத் தொடங்கினார். ஐயங்கார் இறந்த பிறகு 1906இல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடக்கும்போது ராமகிருஷ்ணானந்தர் வளாகத்திலேயே ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் என்றும், யார் வாங்கினால் என்ன, குருமகராஜுக்கு, அதாவது ராமகிருஷ்ணருக்கு, ஒரு சின்ன அறை போதும் என்று சொன்னார் என்றும் ஒரு செய்தி உண்டு. விவேகானந்தர் தங்கியதைவிட இந்தக் காட்சிதான் எனக்கு அந்த வீட்டோடு ஒட்டிக்கொண்டது.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும். 1917இல் அரசு அந்த வீட்டை வாங்கியது. அக்காலத்தில் சிஸ்டர் சுப்புலட்சுமி நடத்திய இளம் விதவைகள் இல்லம் அங்கே இயங்கியது. அவரே சிறுமியாக இருக்கும்போது கணவனை இழந்தவர். 1911இல் பட்டம் பெற்று, மறு ஆண்டு தன்னைப் போன்ற பெண்களைச் சேர்த்துப் படிக்கவைக்க ஆரம்பித்தார். விதவை எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று திரும்பிப் போகிற தெருக்களில் அந்தப் பெண்களுக்கு எப்படி இடம் கிடைக்கும்? வீடுகள் நெருங்காத கடற்கரை, யாரும் ஆசைப்படாத பழைய ஐஸ் கிடங்கு. அதனால்தான் அது வசதியாக அமைந்தது என்பது என் ஊகம். பத்துப் பன்னிரண்டு வயதில் தாலி இழந்தவர்கள் அங்கே கணக்குப் போட்டார்கள், தேர்வெழுதினார்கள், டீச்சரானார்கள். பின்னாலும் ஆசிரியப் பயிற்சிப் பெண்களின் விடுதியாக அது நெடுநாள் நீடித்தது. ராமகிருஷ்ண மடத்திடம் மீண்டும் குத்தகைக்கு வந்தது 1997இல்தான்.

நாற்பது ஆண்டு ஐஸ், ஊர் அழைக்கும் பெயரைத் தந்தது. ஒன்பது நாள், அரசு வைத்த பெயரைத் தந்தது. ஐயங்கார் சூட்டியதை ஊர் மறந்துவிட்டது. அந்தப் பெண்களின் பெயரில் அங்கே ஒரு பேருந்து நிறுத்தம்கூட இல்லை. பெயர்ச் சண்டை போடுவதென்றால் நான் அவர்கள் கட்சி.

ஐஸ் ஹவுஸ் என்பதை நீங்கள் மாற்றவும் முடியாது. அது இப்போது கட்டடத்தின் பெயரே அல்ல, பேட்டையின் பெயர். காவல் நிலையத்துக்கும் அதுதான் பெயர். ஐஸ் ஹவுஸில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் அங்கே ஐஸ் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். “மீன் மார்க்கெட்டுக்காக இருக்கும் சார்” என்றார்.

அடுத்த முறை வந்தால் கண்காட்சியைப் பார்த்துவிட்டு உடனே கிளம்பிவிடாதீர்கள். அதே சாலையில், பக்கத்திலேயே, லேடி வில்லிங்டன் கல்லூரி இருக்கிறது. 1922இல் சுப்புலட்சுமி ஆசிரியப் பயிற்சி தந்த இடம். ஆட்டோ தேவையில்லை, நடந்தே போகலாம்.