மதுரையில் மேகத்தைத் துரத்தலாமா? வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அமெரிக்காவில் டொர்னேடோவைக் காரில் துரத்திப் படமெடுக்கிறார்களே, சித்திரை, வைகாசியில் நம் மதுரைப் பக்கம் அப்படிச் செய்ய முடியுமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: இடிமழை கிடைக்கும், அவர்கள் தேடிப் போகும் சூப்பர்செல், அதாவது உள்ளே சுழன்றபடி மேலெழும் பெரிய இடிமேகம், கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். டெக்சாஸ், ஒக்லஹோமா, கான்சாஸ் சமவெளியில் வசந்த காலத்தில் கீழே மெக்சிகோ வளைகுடாவின் ஈரக்காற்று, மேலே பலத்த மேல்காற்று. உயரம் கூடக் கூட வேகமும் திசையும் மாறுவதால் மேலெழும் காற்று முறுக்கிச் சுழல்கிறது. மழையும் அதன் மேலேயே விழாமல் தள்ளி விழுகிறது. அதனால் ஒரே மேகம் மணிக்கணக்கில் தாக்குப்பிடித்து ஊர் ஊராகப் போகும். துரத்த முடிவது அதனால்தான். நம் கோடையில் வெக்கைக்கும் புழுக்கத்துக்கும் குறைவில்லை, மேலடுக்குக் காற்றுதான் மந்தம். மேகம் தன் மழையாலேயே நனைந்து, பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். நீங்கள் வாடிப்பட்டி போய்ச் சேர்வதற்குள் அங்கே தூறல்தான் மிச்சமிருக்கும்.

கேள்வி: அப்படியானால் எங்கே காத்திருப்பது? ரேடார் படத்தை நம்பலாமா?
– வாசகி, ஒத்தக்கடை

பதில்: மதியம் 2 மணிக்கு மேல் சிறுமலை, அழகர்மலைப் பக்கம் பாருங்கள். மேகத்தின் உச்சி காலிஃப்ளவர் போலத் திரண்டு, விளிம்பு வெட்டினாற்போல் இருந்தால் இன்னும் வளர்கிறது. விளிம்பு நார்நாராகப் பிரிந்து தட்டையாகப் பரவினால் உச்சி பனித்துகளாகிவிட்டது, மின்னலும் தொடங்கியிருக்கும். மலைப்பக்கம் வெறிச்சென்று இருந்தாலும் வீடு திரும்பிவிடாதீர்கள். மாலையில் கடல்காற்று உள்ளே வந்து வெக்கைக்காற்றோடு முட்டினால் சிவகங்கை, மானாமதுரைப் பக்கம் புதிதாக எழும்பும்.

காரைக்கால் ரேடார் இங்கிருந்து 200 கி.மீ.க்கும் மேல். பூமி வளைவதால் அதன் கதிர் மதுரையைத் தொடும்போது தரையிலிருந்து சுமார் 4 கி.மீ. உயரத்தில் இருக்கும். படத்தில் சிவப்பாகத் தெரியும், வாசலில் சொட்டு விழாது. மின்னலுக்குத் 'தாமினி' செயலி போதும். 20, 40 கி.மீ. வட்டத்தில் விழுந்தால் எச்சரிக்கும்.

படத்துக்கு அருமையான இடம் கண்மாய்க்கரை. உயிருக்கு மோசமான இடமும் அதுதான்: வெட்டவெளியில் நீங்கள்தான் உயரம். ஒற்றைப் பனையடி அதைவிட மோசம். கான்கிரீட் கட்டடத்துக்குள்ளோ, தகரக் கூரையுள்ள காரில் கண்ணாடியை ஏற்றிவிட்டோ உட்காருங்கள். பைக் எதற்கும் உதவாது. மின்னலிலிருந்து இடி வரை எண்ணுங்கள்; 3 வினாடிக்கு 1 கி.மீ. 30-க்குள் இடி கேட்டால் உள்ளே போய்விட வேண்டும். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்தே வெளியே வரலாம்.

கேள்வி: மழைக்கு முன் கறுப்புச் சுவர் போல மேகம் தாழ வந்தது. பிறகு ஓடு பறந்தது, வாழை சாய்ந்தது. டொர்னேடோதானே?
– வாசகர், மேலூர்

பதில்: நம் நாட்டில் டொர்னேடோவே வராது என்பதில்லை, 1978 மார்ச் 17 அன்று டெல்லியிலேயே ஒன்று இறங்கியது. ஆனால் நீங்கள் சொல்வது வேறு. மழையோடு இறங்கும் குளிர்காற்று தரையில் மோதி முன்னே பாயும். அதன் தலைப்பில் தூக்கிவிடப்படும் ஈரக்காற்றுதான் அந்தக் கறுப்பு விளிம்பு. சூப்பர்செல்லில் டொர்னேடோவுக்கு முன் தொங்கும் மேகம் பெரும்பாலும் மழை விழாத அடிப்பகுதியில் இருக்கும், கண்ணுக்குத் தெரியச் சுழலும்.

சாய்ந்த வாழையைப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமாகவோ விசிறியாக விரிந்தோ கிடந்தால் இறங்குகாற்று. குறுகிய பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று குறுக்குமறுக்காகக் கிடந்தால்தான் சுழலைச் சந்தேகிக்கலாம். புழுக்கம் சட்டென விலகிக் குளிர்காற்று முகத்தில் அடித்தால் புழுதியும் பலத்த காற்றும் பின்னாலேயே வருகிறது. வண்டியைப் புளியமரம், ஃப்ளெக்ஸ் போர்டு, மின்கம்பி அருகிலிருந்து உடனே நகர்த்திவிடுங்கள்.