இரண்டு ஏக்கர் கரிசலில் எவ்வளவு மழைநீர் ஓடி வரும்?

மானூர்ப் பக்கத்து வாசகர் ஒருவரின் கேள்வி: “இரண்டு ஏக்கர் மானாவாரிக் கரிசல் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு 700 மி.மீ. மழை என்ற கணக்கில் 56 லட்சம் லிட்டர் கிடைக்கும், அதற்கேற்பப் பண்ணைக்குட்டை தோண்டலாம் என்கிறார் மண் வெட்டும் ஒப்பந்தக்காரர். நம்பலாமா?”

நம்ப வேண்டாம். பெருக்கல் சரிதான், ஆனால் அது வானத்திலிருந்து விழும் நீரின் அளவே ஒழிய, குட்டைக்கு ஓடிவந்து சேரும் நீரின் அளவு அன்று. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்றால் 1 லிட்டர். ஏக்கர் 4,047 சதுர மீட்டர் என்பதால், 50 மி.மீ. பெய்யும் நாளில் தங்கள் நிலத்தில் விழுவது ஏறத்தாழ 4 லட்சம் லிட்டர். கோடையில் பாளம் பாளமாக வெடித்த கரிசல் அதில் பெரும்பகுதியைக் குடித்துவிடும். ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 80,000 லிட்டர், ஓடி வந்தாலே நல்ல வரத்து. 5 மி.மீ. தூறலில் ஒரு சொட்டும் வராது; ஆண்டுக் கணக்கில் அந்தத் தூறலையும் சேர்த்துத்தான் தங்களிடம் விலை பேசுகிறார்கள். 56 லட்சம் லிட்டரைத் தேக்க 3 மீட்டர் ஆழத்தில் கிட்டத்தட்ட அரை ஏக்கரைத் தோண்ட வேண்டும். இயந்திரத்துக்கு மணிக்கணக்கில் வாடகை வாங்குபவருக்குக் குழி பெரிதாவதில்தான் ஆதாயம் என்பதைத் தயவுசெய்து மறந்துவிடாதீர்கள்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. அதை அழுத்திச் சொல்ல வேண்டும். ஐப்பசியில் மூன்று நான்கு நாள் அடைமழை பிடித்தால் கரிசல் ஊதி, வெடிப்புகள் மூடிக்கொள்ளும். அதன்பின் நீர் உள்ளே இறங்க வழியிராது. அதே 50 மி.மீ. மழையில் பாதிக்கு மேல், 2 லட்சம் லிட்டரையும் தாண்டி, ஒரே மூச்சில் ஓடிவரும். நிலம் அதுதான், மழையும் அதுதான். முந்திய நாள்களின் ஈரம் மட்டுமே வேறு. ஆகவே குட்டை சிறிதாக இருந்தாலும் மறுகால், அதாவது மிகுநீர் வெளியேறும் வழி, இல்லாமல் கரை போடாதீர்கள். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 946 மி.மீ. கொட்டியது, அப்படியொரு நாளில் எந்தக் குட்டையும் கொள்ளாது, நீர் கரையை அறுக்காமல் வெளியேறுவதே முக்கியம்.

மழை அளவுக்குச் செய்தித்தாளை மட்டும் நம்பாதீர்கள். வடகிழக்குப் பருவமழை ஒரு ஊரில் பெய்து அடுத்த ஊரை விட்டுவிடும். மழைமானியோ எங்கோ தொலைவில் இருக்கும். ஊராட்சிக்கு ஒன்று வைத்து அளவைப் பலகையில் எழுதிப் போடுவது அப்படி என்ன பெரிய செலவு? இத்தனை ஆண்டுகளாகியும் விவசாயி விசாரித்துக்கொண்டே அலைய வேண்டியிருக்கிறது. நீங்களே அளக்கலாம்: அடியும் வாயும் ஒரே அகலமுள்ள தகர டப்பாவை மரநிழல் படாத இடத்தில் வைத்து, தினமும் காலை எட்டரைக்கு அடிக்கோலால் பாருங்கள். வாய் அகன்ற வாளி உதவாது, அது மழையைக் கூட்டிக் காட்டும்.

இந்த ஒரு பருவம் அளந்து எழுதிவைத்த பிறகு முன்பணம் கொடுங்கள். அதற்குமுன் ஒப்பந்தக்காரர் அவசரப்படுத்தினால், 56 லட்சத்தில் மண் குடிப்பதற்கு எவ்வளவு கழித்தார் என்று எழுதித் தரச் சொல்லுங்கள்.